வரம்பு மீறிய வரியும் ஒரு ஜோடி வளையலும்

வரி கட்டுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ராயபுரத்தில் எங்கள் தெருவில், மாதா கோவிலில் திருவிழாக் கொடி ஏறுவதற்குள் பால் பாக்கியிலிருந்து வீட்டு வரி வரை எல்லாவற்றையும் தீர்த்துவிடுவது வழக்கம். பாக்கியோடு தேருக்குப் பின்னால் நடந்தால் மாதா முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எந்தச் சாமியாரும் சொன்னதில்லை. ஆனாலும் அந்தப் பயம் எங்களுக்கு உண்டு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான், அந்தப் பயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

சில வருடங்களுக்கு முன்னால் மாநகராட்சியிலிருந்து வீட்டு வரியை உயர்த்தி நோட்டீஸ் வந்தது. கையில் அவ்வளவு பணம் இல்லை. என் மனைவி தங்க வளையல் ஜோடியைக் கழற்றிக் கொடுத்தாள். அவள் அம்மா மீன் கூடை சுமந்து, கல்யாணத்துக்குப் போட்ட வளையல். அதை அடகு வைத்து, கொடியேற்றத்துக்கு முன்பே வரியைக் கட்டினேன். சீக்கிரம் கட்டியதற்குக் கொஞ்சம் தள்ளுபடிகூடக் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

எதிர்வீட்டு லாரி புரோக்கர் கட்டவே இல்லை.

"இன்னா மாமு அவசரம்? அவங்க எங்க ஓடப்போறாங்க, நாம எங்க ஓடப்போறோம்? குந்திகினு பாப்போம்" என்றான். இவனைப் போன்றவர்களால்தான் ஊர் உருப்படவில்லை என்று மனைவியிடம் சொன்னேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒரேயடியாக இவ்வளவுக்கு மேல் வரியை ஏற்றக்கூடாது என்று சட்டத்திலேயே வரம்பு இருக்கிறதாம். எங்கள் தெருவுக்கு அதைத் தாண்டிப் போட்டுவிட்டார்களாம். எல்லோரும் சேர்ந்து மனுக் கொடுத்தோம். தவறுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். வளையலை மீட்க வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் மீட்டுவிடலாம் என்று வரி அலுவலகத்துக்கு ஓடினேன்.

"பணமா தர மாட்டோம் சார். உங்க கணக்குல வரவா நிக்கும். வர்ற அரையாண்டுகள்ல கழிச்சிக்குவோம்" என்றார் அங்கிருந்த அம்மா.

"பணமாவே குடுத்தா இன்னாம்மா?"

"வாங்கறதுக்கு வழி இருக்கு சார். திருப்பித் தர்றதுக்கு வழி வைக்கலையே."

அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். அப்படியானால் எங்கள் பணம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, ரவுண்டானாவில் புதிதாக வைத்த இரும்பு மீன் ஒன்று தண்ணீர் துப்பிக்கொண்டிருந்தது.

வரவு வைத்த சீட்டை அடகுக் கடைக்காரரிடம் காட்டித் தவணை கேட்டேன். அவர் மரியாதையாக முழுவதும் படித்தார். "அவங்க வரியில கழிச்சிக்குவாங்க. நான் எதுல கழிச்சிக்கறது?" என்று திருப்பிக் கொடுத்தார். வளையல் ஏலத்தில் போனது. எதிர்வீட்டுக்காரனுக்கு வரியைக் குறைத்துப் புது நோட்டீஸ் வந்திருந்தது. அதையும் அவன் கட்டவில்லை.

அடுத்த திருவிழாவில் என் மனைவி கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு தேருக்குக் கிளம்பினாள். அவள் கையைப் பார்க்கக் கூசி, போனைப் பார்த்தேன். செலுத்த வேண்டிய தொகை ஏதுமில்லை, நன்றி என்று வரி அலுவலகத்திலிருந்து செய்தி வந்திருந்தது. அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு படித்துக் காட்டினேன்.

"பாத்தியா, இன்னும் ரெண்டு வருசத்துக்கு நாம வரியே கட்ட வேணாம்."

அவள் புடவை மடிப்பைச் சரிசெய்தாள்.

"நாம எங்க கட்டனோம்? எங்கம்மா இல்ல கட்டிட்டுப் போயிருக்கு."