மலர் அக்கா சுத்தியலால் தட்டவில்லை

மலர் அக்கா போய்விட்டார். இன்று காலை, ஆஸ்பத்திரியில்.

அக்காவின் மகள்தான் போன் எடுத்துச் சொன்னாள். போனை வைத்துவிட்டுப் பேஸ்புக்கைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

மகள் போட்ட படத்துக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். "ஐயோ, எங்கட சுத்தியல் மலர் அன்ரியோ?"

அதற்குக் கீழே எங்கள் பழைய பொஸ். கும்பிடுகிற கைப் படம் ஒன்று போட்டு, "என்ரை சொந்தச் சகோதரி மாதிரி" என்று எழுதியிருக்கிறார்.

சகோதரியாம்.

அந்தப் பட்டப்பெயர் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கு எழுதுகிறேன். பொஸ்ஸின் பெயரைப் போட மாட்டேன். வாசிக்கும்போது அவருக்கே தெரியும்.

தொண்ணூறுகளில், நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வெக்ஸ்போர்ட் பக்கம் அவருக்கு ஒரு சின்ன ஃபக்டரி இருந்தது. ஆமியும் பொலிசும் சுட்டுப் பழகி மிஞ்சுகிற வெறும் பித்தளை ரவைக் கோதுகளை ஏலத்தில் பெரிய இரும்புப் பரல் பரலாக எடுப்பார். ஒரு தரம் மட்டும் வெடித்த கோதுகள்.

நாங்கள் பெண்கள் அதைச் சைஸ் பார்த்துப் பிரித்து, கழுவி, டிரையரில் காய வைத்து, மினுக்கிக் கொடுப்போம். வேட்டைக்காரர்கள் வாங்கிப் போய்த் திரும்ப வெடிமருந்து அடைப்பார்கள்.

"அங்கை ஊரிலை எங்களுக்கு மேலை விழுந்தது. இஞ்சை நாங்கள் கழுவிக் குடுக்கிறம்" என்று மலர் அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

டிரையருக்குள் போடமுன் பரலைக் கையால் கிளறிப் பார்க்க வேண்டும். வெடிக்காத ரவை ஒன்று உள்ளே கிடந்தால் சூட்டில் வெடித்துவிடும். அதுதான் அங்கே முதல் சட்டம்.

அன்றைக்குப் பொஸ்ஸுக்கு அவசரம். லொறி வாசலில் நிற்கிறது.

"அண்ணை, இந்தப் பரல் இன்னும் பாக்கேல்லை."

"ஆமிக்காரன் பாத்துத்தானே வித்திருப்பான். போடும் மலர், போடும். நிண்டு கதைச்சுக் கொண்டு..."

போட்டார். காய்ந்ததை எடுக்கக் கதவைத் திறந்தபோது வெடித்தது. நான் பக்கத்தில் நின்றேன். பித்தளைத் துண்டு வலது கையைக் கிழித்துவிட்டது. இரண்டு விரல் அதற்குப் பிறகு மடங்கவேயில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம் பொஸ் சொன்னது வேறு. அக்கா விளையாட்டுக்கு ரவையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாராம். இங்கிலிஷில் சொன்னார். எங்களுக்கு மறுத்துச் சொல்ல இங்கிலிஷ் காணாது.

கோயிலிலும் அதைத்தான் சொன்னார், கலியாண வீடுகளிலும். "ஷெல்லுக்குள்ளை வளந்ததுகள், பயமே இல்லை" என்று சிரிப்பு வேறு. பெயர் ஒட்டிக்கொண்டது.

அக்காவை வேலையை விட்டு நிற்பாட்டினார். அப்படி நடக்கவில்லை என்று சொன்ன என்னையும் அதே கிழமை வீட்டுக்கு அனுப்பினார்.

இரண்டு பேரும் டோர்செட் பார்க் பக்கம் ஒரே பில்டிங்கில் இருந்தோம். மகளுக்குத் தலை பின்ன அக்காவின் கை வழிவிடாது. பள்ளிக்கூட பஸ் வரமுன் நான் ஓடிப்போய்ப் பின்னி விடுவேன். அக்கா ரிப்பனைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார்... அந்த முகத்தை நான் மறக்கவில்லை, பொஸ்.

அடுத்த விண்டர் அக்கா வந்து கதவில் தட்டினார். "வெளிக்கிடடி. ஏலத்துக்குப் போவம்."

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஏலத்தில் பரலைப் பார்ப்பது மலர் அக்காதான். பொஸ் கோப்பி குடித்துக்கொண்டு நிற்பார். அக்கா தலையாட்டினால் வாங்குவார்.

கோதுக்குள் லைட் அடித்தால் அடியில் ஓட்டை தெரியும். ஒரு ஓட்டை என்றால் நல்லது, திரும்ப மருந்து அடைக்கலாம். இரண்டு சின்ன ஓட்டை என்றால் ஒருவரும் வாங்க மாட்டார்கள், உருக்கத்தான் கொடுக்க வேண்டும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி.

அன்றைக்கு ஏலத்தில் நான் ரோச் லைட் பிடித்தேன். எனக்கே தெரிந்தது.

"அக்கா, ரெண்டு ஓட்டையெல்லோ?"

"ஓமடி. வாயை மூடிக்கொண்டு சிரி."

சிரித்தேன். அக்காவும் இன்னும் இரண்டு கோதை எடுத்துப் பார்த்து, புதையல் கண்டவர் மாதிரித் தலையாட்டினார். எதிர்ப் பக்கம் பொஸ் பார்த்துக்கொண்டு நின்றார். பரலுக்குக் கிட்ட வரவேயில்லை.

"என்ன மலர், சுத்தியலும் கொண்டு வந்தனீரோ?"

நின்ற நம்மவர்கள் சிரித்தார்கள்.

"இல்லை அண்ணை. இண்டைக்குக் கை மட்டும்தான்."

அந்த மடங்காத விரல்களுக்குள் நம்பர் கார்டைச் செருகி உயர்த்தினார். பொஸ் உயர்த்தினார். அக்கா உயர்த்தினார். பொஸ் விடவில்லை. அக்காவிடம் தோற்றால் அந்த ஆட்களுக்கு முன்னால் மரியாதை போய்விடுமே... விலை ஏறி ஏறி, ஏலம் கூறுகிறவனே ஒரு தரம் நிறுத்தித் தண்ணீர் குடித்தான்.

கடைசியில் அக்கா கார்டைக் கீழே போட்டார். "அண்ணைக்குத்தான் யோகம்" என்றார். அழுகிற மாதிரி முகம். இப்படி நடிப்பார் என்று எனக்குத் தெரியாது.

அந்த ஏலத்தில் அவர் எடுத்த பரல் முழுக்க இரும்புக் கடைக்குப் போனது. அடுத்த சம்மருக்குள் ஃபக்டரியையும் பூட்டினார். அதனால்தான் பூட்டினார் என்று நான் நினைக்கிறேன். நினைத்துச் சந்தோஷப்படுகிறேன்.

ஆனால் அக்காவுக்கு அது போதவில்லை. பஸ்ஸில் வரும்போது நான் விழுந்து விழுந்து சிரிக்க, அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காசு போனால் திரும்ப உழைப்பான். நான் தட்டேல்லை எண்டு அவன்ரை வாயாலை சொல்லோணும்."

சொல்லவில்லை. அக்கா சாகும்வரை சொல்லவில்லை. இப்போது மார்க்கம் பக்கம் பெரிய வீட்டில் இருந்துகொண்டு கும்பிடுகிற கை போடுகிறார்.

பொஸ், ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்வைக்கு வைக்கிறார்கள். வருவதற்கு முதல், அந்தக் கும்பிடுகிற கையை அழித்துவிட்டு, அன்றைக்கு என்ன சொல்லிப் போடச் சொன்னீர்கள் என்று அதே இடத்தில் எழுதுங்கள். இரண்டு வரி போதும்.

எழுதாமல் வந்தால் வாசலில் நான் இருப்பேன். முழங்கால் சரியில்லை, கதிரை போட்டு இருப்பேன். உங்கள் மனைவி பிள்ளைகளுக்கு முன்னால் கேட்பேன்.

அக்கா... நீங்கள் இளகின மனம். கடைசி நேரத்தில் அந்த ஆளை மன்னித்துவிட்டுப் போயிருந்தாலும் போயிருப்பீர்கள்.

அப்படியென்றால் எனக்குச் சொல்லாதேங்கோ.

போயிட்டு வாங்கோ.