மூன்று விரல் வளையம்

காளியாயியை அதுவரை யாரும் எதற்கும் சாட்சி கேட்டதில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவளிடம் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? ஆனால் 1961இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டகலையில் மரக்கறிக் கடை வைத்திருந்த நூர்தீன் முதலாளி, ஒரு பழைய பிக்கப்பை வாங்கும் முன் அவளைத்தான் வரச் சொல்லியிருந்தார்.

வண்டியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. புதுப் பச்சைச் சாயம், புதுப் பலகை, புது மெத்தை. கொழும்பில் ஒரு வெள்ளைக்காரர் வைத்திருந்தது என்று அதை விற்கிற கராஜ்காரன் கணேசமூர்த்தி அடித்துச் சொன்னான். நூர்தீனுக்கு நம்பிக்கை வரவில்லை. லிந்துலைத் தோட்டமொன்றில் இதே மாதிரி சிவப்புப் பிக்கப் ஒன்று ஓடி, பள்ளத்தில் உருண்டு, அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டது. இது அதுவென்றால் மூட்டை ஏற்றிக்கொண்டு மலை இறங்குவது உயிரோடு விளையாட்டு. நம்பர் பலகையையும் எஞ்சினையும் எவனும் மாற்றிவிடுவான். அந்த வண்டிக்குள் பிள்ளை பெற்றவள் தம்மிடம் மூட்டை தூக்கும் செல்லசாமியின் பெண்சாதி காளியாயி என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

கொடுமை என்னவென்றால், வண்டி வாங்கினால் டிரைவர் அந்தச் செல்லசாமிதான். கடைக்குப் பின்னால் குடியிருக்க அறையும் உண்டு. தொழிலாளர் லயத்தில் ஒழுகுகிற ஒற்றைக் காம்பராவையும், விடியற்காலையில் பேர் கொடுக்கிற பெரட்டையும் தலைமுழுகிவிடலாம்.

"இது அந்த வண்டி இல்லன்னு சொல்லிரு. சட்டம் முறுக்கியிருந்தா என்ன, நான் பாத்து ஓட்டிக்கிறேன்" என்று செல்லசாமி வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டு வந்தான். அவளும் தலையை ஆட்டினாள். அவளுக்கு மட்டும் ஆசை இருக்காதா?

ஏழெட்டு வருசத்துக்கு முன், வலியெடுத்தும் பிள்ளை இறங்கவில்லை என்று அவளைத் தோட்டத்தின் அந்தச் சிவப்புப் பிக்கப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். துணைக்கு ஓர் ஆள் அனுப்பத் தோட்டத்துத் தொரைக்கு மனசு வரவில்லை. மழையில் வண்டி பாதி வழியில் நின்றது. டிரைவர் உதவி தேடி ஓடினான். அவள் தனியாகவே பெற்றாள். பிள்ளை அழுதது. ஆள் வருவதற்குள் அடங்கியும் போனது. செத்துப் பிறந்தது என்று எழுதினார்கள். லயமே அப்படித்தான் சொன்னது, செல்லசாமியும் அப்படித்தான் சொன்னான். அழுதது என்று அவள் சொன்னதை வலியில் பிதற்றியதாக விட்டுவிட்டார்கள்.

"ஏறிப் பாத்துச் சொல்லு தங்கச்சி" என்றார் நூர்தீன்.

பின்தட்டில் ஏறி உட்கார்ந்தாள். எதுவும் பழசாகத் தெரியவில்லை. அப்பாடா என்றிருந்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தபடி இறங்கப் பக்கச்சட்டத்தைப் பிடித்தாள். கயிறு கட்டும் இரும்பு வளையம் கையில் பட்டது. ஒரு பக்கம் நசுங்கிய வளையம். மூன்று விரல் உள்ளே போயிற்று, சுண்டுவிரல் வெளியே நின்றது. அன்றைக்கும் அப்படித்தான் நின்றது. அந்த வலி முழுக்க அவள் பிடித்துக்கொண்டு கிடந்தது இதைத்தான்.

கீழே செல்லசாமி வேண்டாமென்று கண்ணைக் காட்டினான். அவளுக்கு அழுகை முட்டியது.

"இதுதாங்க மொதலாளி."

"வளையத்தப் புடிச்சுக்கிட்டு என்னடி சாட்சி?" என்று கணேசமூர்த்தி பாய்ந்தான். ஆனால் முகம் செத்துவிட்டது. நூர்தீன் வண்டி வேண்டாமென்று கையை ஆட்டினார். குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஊரைத் தாண்டியதும் செல்லசாமி வெடித்தான். "என் வாயில மண்ணள்ளிப் போட்டுட்டியே! ஒரு பொய் சொன்னா என்ன கொறஞ்சு போயிரும்?"

"அது அழுதத நான் ஒருத்திதாங்க கேட்டேன். அந்த வண்டியையும் இல்லன்னு சொல்லிட்டா, எம் புள்ள எங்கதாங்க பொறந்துச்சு?"

அவன் விறுவிறுவென்று முன்னே நடந்துவிட்டான். லயத்துக்குத் திரும்பும் இடத்தில் நின்று, அவள் வந்து சேரும்வரை காத்திருந்தான்.

"நெசமாவே அழுதுச்சா, காளியாயி?" என்று கேட்டான்.