புகை எழாத வீடு

எங்கள் பண்ணையில் ஒரு சட்டம் இருந்தது. எந்தக் குடிசையும் ஒரு நாள்கூடப் புகையாமல் இருக்கக் கூடாது.

இலங்கையில், வன்னியின் எல்லையில் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து காடு வெட்டி உண்டாக்கிய நிலம் அது. அரசாங்கக் காடு என்றார்கள் அதிகாரிகள். எங்கள் மேய்ச்சல் தரை என்றார்கள் எல்லைக்கு அப்பால் இருந்த கிராமத்தார். எங்கள் கையிலோ காணி உறுதி என்று ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. வயலைப் பிரிக்காமல் சேர்ந்து விதைத்தோம், ஒரே களத்தில் சூடடித்தோம். ஆளில்லாத குடிசையைக் கண்டால், கைவிட்டுப் போய்விட்டார்கள் என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டு போவார்கள். அதனால் யாராவது வெளியூர் போனால், பக்கத்துக் குடிசைக்காரர் காலையில் போய் அவர் அடுப்பையும் மூட்டிவிட்டு வருவார்.

எழுபதுகளின் கடைசியில் நான் மெல்பேர்னுக்கு வந்தேன். இரண்டு வருடம் உழைத்து, தண்ணீர் இறைக்கும் மெஷின் ஒன்றோடு திரும்புவதாகப் பேச்சு. "நீ போட்டு வா மச்சான், உன்ரை அடுப்பு என்ரை பொறுப்பு" என்றான் பக்கத்துக் குடிசை நண்பன்.

கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அறையில் மின்சார அடுப்பு, புகை மருந்துக்கும் இல்லை. அதை அடுப்பென்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. கண் விழித்ததும், அங்கே இன்னும் விடியவில்லை என்று தெரிந்தும், அவன் மூட்டியிருப்பானா என்றுதான் மனம் ஓடும். இரண்டு வருடம் மூன்றானது. மெஷினும் வாங்கவில்லை, நானும் போகவில்லை.

ஒரு ஜனவரியில் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா, பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுத் திறப்பைத் தந்துவிட்டுக் கடற்கரைக்குப் போனார். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலை அவருடைய கணப்பில் விறகு அடுக்கி மூட்டிவிட்டேன். இங்கே ஜனவரி கோடை, வெளியே நாற்பது பாகை வெயில்! புகைபோக்கியைக் கண்ட எதிர்வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பி வந்த அம்மாவிடம், வீட்டை யாரும் எடுத்துவிடக் கூடாதே என்றுதான் மூட்டினேன் என்றேன். என் வீட்டை யார் எடுப்பார்கள் என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. அப்படிச் சிரிக்க முடிந்தவர்மேல் பொறாமையும் வந்தது, மறைப்பானேன்.

அந்த மாதமே நண்பனின் கடிதம் வந்தது. "மலைநாட்டுக் கலவரத்திலை அடிபட்டு ஒரு குடும்பம் வந்திருக்கு மச்சான். மூண்டு பிள்ளையள். பாலை மரத்துக்குக் கீழை படுக்குதுகள். உன்ரை குடிசையை நீ சொன்னாத்தான் குடுப்பம். நீ வாறியோ?"

பத்து நாள் பேனாவைத் தொடவில்லை. குடிசை போனால் நான் திரும்பிப் போக இடமில்லை. ஆனால் ஆளில்லாத கூரைக்குக் கீழே தினமும் நெருப்பு எரிய, அந்தப் பிள்ளைகள் மரத்தடியில் படுப்பதை எண்ணினால் வெட்கமாக இருந்தது. "குடு" என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லோடு உறையை ஒட்டினேன்.

பதில் வந்தது.

"குடுத்திட்டம். இப்ப மூண்டு நேரமும் புகையுது. இண்டைக்குக் காலமை பழக்கத்திலை கொள்ளிக்கட்டையோடை உன்ரை வாசல் வரைக்கும் போனனான். அடுப்பு எரிஞ்சுகொண்டிருந்துது. திரும்பி வந்திட்டன்."