வேலியோரம் நின்ற ரப்பர் பூட்ஸுகள்

நாரணாபுரத்து மாரியம்மன் கோயிலை ஒட்டிய கிணறு, அன்னையின் திருமஞ்சனத்துக்கென்றே அமைந்தது. பக்கத்தில் மூடிப்போன பட்டாசு ஆலையொன்று கழிவு மருந்தைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டுச் சென்றபின், மழைதோறும் நஞ்சு ஊறி அந்நீர் மஞ்சளித்தது. இரண்டாயிரத்து ஆறில் அரசு அக்குழியைத் தூய்மைசெய்ய முன்வந்தபோது முதலில் பெயர் கொடுத்தவள் இருளம்மாள். இளமை முழுவதும் வெடிக்கு மருந்து செலுத்திய கை அவளுடையது. ஐப்பசி மழைக்குமுன் நச்சுமண்ணை அள்ளி முடித்துவிட்டால் அம்மனை மீண்டும் அக்கிணற்று நீரால் நீராட்டலாம். அதுவொன்றே அவள் ஆசை.

மண்ணை நனைத்து அள்ளித் தடித்த பைகளில் கட்டி லாரியில் ஏற்றவேண்டும். பெண்களுக்கெல்லாம் ரப்பர் பூட்ஸ் வழங்கப்பட்டது.

சூலக்கரையிலிருந்து மேற்பார்வைக்கு வந்த இளம் பெண் அதிகாரி பர்ஹத் வேலியருகே திகைத்து நின்றார். பூட்ஸுகள் அத்தனையும் சந்நிதி வாசலில் கழற்றியவைபோல் வரிசையாய் நின்றன. உள்ளே எல்லாரும் வெறுங்கால்.

"யக்கா, வெளிய வாங்க! பூட்ஸ் எதுக்குக் குடுத்திருக்கு?"

"மருந்து கெடக்குற தரையில செருப்போட போனா உரசித் தீப்பிடிச்சிராதா தாயி? கம்பெனியில பாத்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாகளே!" என்றாள் இருளம்மாள்.

"நனைச்ச மண்ணுல தீ ஏதுக்கா? இங்கன வெசந்தான் பயம். உங்க காலைப் பாருங்க."

பார்த்தாள். விரலிடுக்கெல்லாம் வெந்து சிவந்திருந்தது.

"இனி வெறுங்காலைப் பாத்தா வேலையை நிறுத்திருவேன்" என்று சொல்லிப்போனார் பர்ஹத்.

கிழக்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. வேலை நின்றால் மழை முந்திவிடும். ஆனால் பெண்களோ, மருந்துத் தரையைச் செருப்போடு மிதிக்கக் கால் கூசுகிறது என்று தயங்கினர்.

மறுநாள் ஆயுத பூசை. இருளம்மாள் மண்வெட்டி, கூடைகளோடு பூட்ஸுகளையும் கழுவி வேலியோரம் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டாள்.

"இதுவும் இனி நம்ம ஆயுதந்தான். ஆத்தா சம்மதிச்சுட்டா. மாட்டுங்கடி!"

"எம்புட்டு அழகா இருக்கு! எங்க மாமியா பாத்தா எனக்கும் பொட்டு வச்சு ஓரமா நிறுத்திருவா" என்றாள் தோழி செல்லக்கனி. சிரிப்போடு கூச்சமும் போயிற்று.

அடுத்தமுறை வந்த பர்ஹத், பொட்டிட்ட பூட்ஸ் அணிந்த கால்களைக் கண்டு வாய்பொத்திச் சிரித்து, நீட்டிய பொரிகடலையை வாங்கிக்கொண்டார்.

கடைசி லாரி போனபிறகே மழை கொட்டியது. கிணற்றையும் இறைத்துக் கழுவினார்கள். ஊறிய புதுநீர் பரிசோதனையில் தேறியது என்று சேதி வந்தபோது, குழியில் நன்மண் பரப்பிக்கொண்டிருந்த இருளம்மாள் ஓடோடிச்சென்று ஒரு குடம் மொண்டு கோயிலை நோக்கி நடந்தாள்.

"ஆத்தாடி, பூட்ஸு!" என்று பூசாரி வாசலிலேயே அலறினார்.

குடத்தை இறக்காமலே காலை உதறினாள், கழலவில்லை. பின்னாலேயே ஓடிவந்த செல்லக்கனி குனிந்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் குடம் சாய்ந்து, முதல் திருமஞ்சனம் செல்லக்கனிக்கே நடந்தேறியது.

"இன்னொரு குடம் மோந்துட்டு வாங்கக்கா" என்றாள் அவள், முகத்தைத் துடைத்தபடி. "தண்ணி நல்லாத்தான் இருக்கு."