கண்டி ராணிக்கு இரண்டு சாவு

புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நல்லம்மா, மல்யுத்த மேடை ஏறிக் கண்டி ராணி ஆனதற்கு ஒருவனுடைய வாய்க்கொழுப்புத்தான் காரணம். அந்த வருஷம் கம்பளைக்குக் கார்னிவல் வந்திருந்தது. சாஹுல் ஹமீது என்கிற மல்லன் மார்பில் எண்ணெய் மினுங்க மேடையில் நின்றுகொண்டு, "தோட்டத்து ஆளுகளுக்கு முதுகெலும்பே இல்ல, குனிஞ்சு குனிஞ்சு தேஞ்சு போச்சு. இருந்தா ஒருத்தன் ஏறி வா பாப்பம்" என்று ஒலிபெருக்கியில் சவால் விட்டான். ஆண்பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்லம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள்.

பிடி தெரியாது, அடி தெரியாது. அவளுக்குத் தெரிந்தது கொழுந்துக் கூடை ஒன்றுதான். சிரித்துக்கொண்டே கிட்ட வந்தவனின் கையைப் பிடித்து இழுத்துத் திரும்பிக் குனிந்து, ஆளை முதுகில் ஏற்றிக்கொண்டாள். அப்படியே மேடையை ஒரு சுற்று வந்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூடையைக் கொட்டுகிற மாதிரி தலைகீழாய்க் கொட்டினாள். சனம் ஓவென்று கத்தியதில் பக்கத்துக் கொட்டகையில் மரணக்கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தானாம்.

மறுநாளே கார்னிவல் முதலாளி அவளுடைய லயத்து வீட்டுக்கு வந்து, மேடையேற வரச்சொல்லிக் கேட்டார். அந்தப் பக்கத்து மலைகளில் ஒரு பெண் மேடையேறி மல்லுக்கட்டியதை அதுவரை எவரும் பார்த்ததில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? களிசான் மாட்டிக்கொண்டு ஆம்பளையோடு கட்டிப் புரளப் போகிறாள் என்றார்கள். அவளுடைய அப்பா அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். "கட்டிப் புரளுறது பாவம்னா, தலையில கூடையக் கட்டிக்கிட்டு அட்டைக்கடியில மலையேறுறது மட்டும் புண்ணியமா?" என்று கேட்டுவிட்டு நல்லம்மா போய்விட்டாள்.

அதன் பிறகு கண்டி, மாத்தளை, அட்டன், பதுளை என்று அவள் ஏறாத மேடை இல்லை. சாஹுல் ஹமீதும் அவளுமாக ஊர் ஊராய்ச் சண்டை போட்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் அவன் தோட்டத்துச் சனத்தைத் திட்டுவான், அவள் வந்து தூக்கிக் கொட்டுவாள். அது ஏற்பாடுதான் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பெண்கள் கூட்டம் கூட்டமாய் வந்து தொண்டை கிழியக் கத்தினார்கள். அன்றைக்கு ஒரு நாளாவது தங்களை ஏய்த்த கங்காணியும் குடிகாரப் புருஷனும் தலைகீழாய் விழுவதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டால், "கை பழகிப் போச்சு, கட்டுனவனையும் தூக்கிப் போட்டுருவேன்" என்பாள் நல்லம்மா.

கலஹாவைச் சேர்ந்த திருச்செல்வம் அவளிடம் மாட்டியது இருபது வயதில். வேடிக்கை பார்க்கப் போனவனை, மீசையை முறுக்கிக்கொண்டு நின்ற குற்றத்துக்காக, அவள் மேடைக்கு இழுத்து முதுகில் ஏற்றிவிட்டாள். மேலே கிடந்தவன் அவள் தோளை இறுகப் பற்றிக்கொண்டான். அப்போது அவள் யாருக்கும் கேட்காத குரலில், "பயப்படாத தம்பி, பூ மாதிரி எறக்கிருவேன்" என்றாள். சொன்னபடியே இறக்கினாள். பார்த்தவர்களுக்கு இடுப்பு முறிந்த மாதிரி இருந்தது, அவனுக்கு ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. பெற்ற தாய்கூடத் தன்னை அவ்வளவு பக்குவமாய் இறக்கி வைத்ததில்லை என்று பிற்பாடு கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஆட்டோ ஓட்டத் தொடங்கிய திருச்செல்வம், ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

முழங்கால் விட்டுப்போனதும் நல்லம்மா தோட்டத்துக்கே திரும்பிவிட்டாள். தங்கச்சி செத்தபின் அவள் மகள் கிருஷாந்தியை எடுத்து வளர்த்தாள். நல்லம்மாவுக்குச் சீனி வியாதி வந்து காலில் புண் ஆறாமல் கிடந்தது. திருச்செல்வம்தான் வட்ஸ்அப்பில் கண்டி ராணி ரசிகர் குழு ஒன்றைத் தொடங்கி, பழைய படங்களைத் தேடிப் போட்டு, கூட்டத்தைச் சேர்த்தவன். ரசிகன் என்கிற சாதியே அப்படித்தான். படத்துக்குத் தினமும் பூப்போடுவான், ஆளைப் போய்ப் பார்க்க நேரமிருக்காது. திருச்செல்வமும் தைப்பொங்கலுக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பதோடு சரி.

அப்படியிருக்கையில் ஒரு நாள் நுவரெலியா வீதியில் சவாரி போனவன், அவளுடைய தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில் சாவுக்குக் கட்டும் வெள்ளைக் கொடி பறப்பதைக் கண்டான். ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாம். பின்னால் இருந்தவர் அவசரம் அவசரம் என்று நச்சரித்தார். அங்கே நின்ற ஒருவரிடம் வாயைத் திறந்து கேட்டாவது இருக்கலாம், அதையும் செய்யவில்லை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. வண்டியை ஓரங்கட்டி, கண் கலங்க, "எங்கள் ராணி போய்விட்டார்" என்று குழுவில் போட்டுவிட்டான்.

மறுநாள் கண்டியிலிருந்தும் கம்பளையிலிருந்தும் வான்களில் சனம் வந்து இறங்கியது. பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கும் பஹீம், 'கண்ணீர் அஞ்சலி' என்று ஆளுயர பேனர் அடித்துக்கொண்டு வந்தான். தப்பு மேளக்காரர்கள் வழியெல்லாம் அடித்துக்கொண்டு வந்தார்கள். கிழவராகிவிட்ட சாஹுல் ஹமீது இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு மலையேறினார். லயத்து முன்னால் போய் நின்றால், வாசல் இஸ்தோப்பில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து நல்லம்மா பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளைக் கொடி தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கில் செத்துப்போன ஒரு பழைய கங்காணிக்குக் கட்டியது.

தப்புச் சத்தம் நின்றது. திருச்செல்வத்துக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. நல்லம்மா பேனரை மேலும் கீழும் பார்த்தாள்.

"யார்ரா இந்தப் படத்தப் போட்டது? இதுல எனக்கு மூக்கு கோணலா இருக்கு."

"அக்கா, மன்னிச்சிருங்கக்கா" என்று திருச்செல்வம் காலில் விழப் போனான்.

"என்னத்துக்கு மன்னிப்பு? செத்ததா சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாங்க. ஏண்டா தப்ப நிப்பாட்டுனீங்க? அடிங்கடா!" என்றாள். பாடைக்குக் கொண்டுவந்த மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். புண்காலைத் தூக்கி வைத்து இரண்டு எட்டு ஆடினாள். கிருஷாந்தி வீட்டுக்கும் அடுப்புக்குமாக ஓடி எல்லாருக்கும் தேத்தண்ணீர் கொடுத்தாள்.

கூட்டம் கலையும் நேரத்தில் நல்லம்மா சாஹுல் ஹமீதின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன்னைய எத்தன ஊர்ல முதுகுல தூக்கியிருப்பேன்? நெசமாவே நான் போறப்ப நீ வந்து தூக்கணும். இந்தத் திருப்பயலும் தூக்கணும். நான் தூக்கிக் கொட்டுன ஆளுக நாலு பேரு தோள்லதான் நான் போகணும். வேற எவனும் தொடப்படாது. அதுதான் சரியான முடிவு." சாஹுல் ஹமீது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்லாஹ் காலுக்குப் பெலன் தந்தா வாரன் நல்லம்மா" என்றார். திருச்செல்வம் சத்தியமே பண்ணினான். நல்லம்மா மாலையைத் தடவியபடி, "ரொம்ப நல்லாருந்துச்சுடா. ஒங்கள எல்லாம் பாக்குறதுக்காகவே இன்னொருக்கா செத்துப் பாக்கணும் போல இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எல்லாரும் போனில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

குட்ஷெட்டில் திருச்செல்வத்துக்கு 'எமன்' என்று பெயர் விழுந்தது. ஆட்டோவில் ஏறுகிறவர்கள், "எமன் அண்ணே, எங்க மாமியார் பேரையும் ஒருக்காப் போட்டு விடுங்களேன்" என்று கிண்டலடித்தார்கள். சிரித்துச் சமாளித்தாலும் உள்ளே குத்தியது. இனி ஒருவனும் என்னை ஏமாற்ற முடியாது என்று அவன் கறுவிக்கொண்டான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை, குழுவில் ஒரு செய்தி வந்தது. "பெரியம்மா காலமாகிவிட்டார். எல்லாரும் வாருங்கள்." வந்தது நல்லம்மாவின் போனிலிருந்தே.

திருச்செல்வம் பஸ் நிலையத்தில் வாயில் இருந்த தேத்தண்ணீர் புரையேறச் சிரித்தான். கிழவி சொன்னபடி செய்துவிட்டாளே! செத்தவள் தன் போனிலிருந்து சேதி அனுப்புவாளா என்று அவன் எல்லாருக்கும் முந்திக்கொண்டு பதில் போட்டான். "அக்கா, இந்தத் தடவை ஏமாற மாட்டோம்" என்று எழுதி, சிரிக்கிற முகங்களை வரிசையாய் அடுக்கினான். தலைவனே சிரித்தபின் மற்றவர்களுக்கு என்ன? சிரித்த முகங்கள் மளமளவென்று வந்து விழுந்தன. பேனரில் இந்தத் தடவை மூக்கை நேராக்கட்டுமா என்று பஹீம் கேட்டிருந்தான். சாஹுல் ஹமீது மட்டும் திருச்செல்வத்துக்குப் போன் எடுத்தார். "தம்பி, நான் உடுத்திட்டு நிக்கிறன். மகன் வான் கொண்டு வந்திருக்கான். போவமா?" "ஒக்காருங்க நானா. அக்கா வெளையாடுறாங்க. ஒங்க காலு இருக்குற இருப்புக்கு இந்த மலையேத்தம் தேவையா?" என்று திருச்செல்வம் அவரை உட்கார வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் கிருஷாந்தியே அவனுக்குப் போன் எடுத்தாள். "மாமா..." என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அழுகை மட்டும் வந்தது.

"போன அக்காகிட்டக் குடு புள்ள. நடிப்பு போதும்னு சொல்றேன்."

அந்தப் பக்கம் விம்மல் நிற்கவில்லை.

"அடேயப்பா, என்னமா அழுவுற! பெரியம்மா ஒனக்கும் பழக்கிவிட்டாங்களா? அடுத்த கார்னிவலுக்கு ஒன்னையவும் மேடையேத்திரலாம்."

போன் அணைந்தது. திருச்செல்வம் அதைப் பக்கத்தில் நின்ற சாரதிகளிடம் சொல்லி இன்னொரு தரம் சிரித்தான்.

பொழுது சாயத் தொடங்கும்போது பஹீம் கூப்பிட்டான். அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. "அண்ணே, தோட்டத்துக் கோயில் கமிட்டிக்காரர் ஒராள் கடைக்கு வந்து நிக்கிறாரு. அன்னைக்கு அடிச்ச பேனர்ல திகதிய மட்டும் மாத்தித் தரச் சொல்றாரு. சந்தியில கட்டணுமாம். இன்னைக்கே அடக்கமாம் அண்ணே."

அவன் ஆட்டோவை எப்படி ஓட்டினான் என்பது அவனுக்கே தெரியாது. சனிப்பொணம் தனியாப் போகாது என்பார்கள். அதனால் வெள்ளிக்கிழமை செத்தவர்களை, விடிந்தால் சனி என்று, அன்றைக்கே கொண்டுபோய்விடுவது வழக்கம். இது திருச்செல்வத்துக்குத் தெரியாததல்ல. வழியெல்லாம் அதையே நினைத்து அடித்துக்கொண்டான்.

அவன் மலையேறிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. மயானத்திலிருந்து ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். விளக்குக்குப் பக்கத்தில் நான்கு புதுத் துண்டுகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. கிருஷாந்தி ஈரத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"தூக்குற ஒங்க நாலு பேரு தோளுக்குன்னு எடுத்து வச்சதுதான் மாமா" என்றாள், அவன் பார்வை போன இடத்தைப் பார்த்து. "கீழ ஒவ்வொரு வான் சத்தம் கேக்குறப்பவும் கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லிச் சொல்லி வச்சிருந்தேன். பொழுது போகுதுன்னு பெரியவங்க சத்தம் போட்டாங்க. கடைசியில லயத்துப் பயலுகதான் தூக்குனாங்க. பாரம் தாங்கலன்னு ஏத்தத்துல ரெண்டு எடத்துல எறக்கி வச்சாங்களாம்."

எத்தனை ஆம்பிளைகளை முதுகில் சுமந்து மேடையைச் சுற்றியவள்! ஒருவனையும் அவள் பாதியில் இறக்கி வைத்ததில்லை. அவளைத்தான் நடுவழியில், கல்லிலும் சேற்றிலும், முகம் தெரியாத பையன்கள் இறக்கி வைத்து மூச்சு வாங்கியிருக்கிறார்கள். நான்தான் காரணம், நான் ஒருவன்தான் என்று திருச்செல்வத்துக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

சட்டைப்பையில் போன் விடாமல் துடித்தது. எடுத்துப் பார்த்தான். விஷயம் தெரிந்து குழுவில் எல்லாரும் காலையில் போட்ட சிரிப்பை அழித்துக்கொண்டிருந்தார்கள். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வரிக்கு வரி வந்துகொண்டிருந்தது. அதன் கீழே கண்ணீர் விடும் முகங்கள், கும்பிடும் கைகள், மலைநாட்டின் முதல் வீராங்கனைக்கு வீரவணக்கம். அவன் தன்னுடையதை அழிக்கப் போனான். இந்தப் பெண் அதை எப்போதோ படித்துவிட்டாள், இனி அழித்து யாருக்கு என்ன என்று போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

"கிருஷாந்தி, நான் செஞ்சது பாவம். பெரும் பாவம். என்னைய நாலு வார்த்த திட்டிரு புள்ள" என்றான்.

அவள் திட்டவில்லை. அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தெரியாத ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவள் போலத்தான் கேட்டாள்.

"நான் எப்புடி அழுதுருந்தா மாமா நீங்க நம்பியிருப்பீங்க?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனாள்.