சோப்பு படாத கை

செலியமேட்டில் மாட்டுக்கு வலி கண்டால் டாக்டருக்குப் போன் போவதற்கு முன்னால் பவுனம்மாளுக்கு ஆள் போய்விடும். அவள் வந்து, வளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, முழங்கை வரைக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவாள். கால் மடங்கிய கன்றோ தலை திரும்பிய கன்றோ, உள்ளே போன கைக்கு வழி தெரியும். இருபத்தேழு வருஷமாக இதுதான் நடக்கிறது. கைராசிக்காரி என்று யாராவது சொன்னால் "அட சும்மா இரு" என்பாள். ஆனால் அன்றைக்கு முழுக்க அவள் நடையே வேறு மாதிரி இருக்கும்.

இரண்டு விஷயத்தில் அவள் கறார். பிரசவம் பார்க்கும் கையில் சோப்பு படக்கூடாது. சோப்பு வாசம் கன்றின்மேல் ஒட்டிவிட்டால் தாய் அதை நக்காது, காலால் தள்ளிவிடும் என்பது அவள் கட்சி. அதனால் வேலை முடிந்ததும் அந்த வீட்டு மாடு குடிக்கும் கழுநீர்த் தொட்டியிலேயே கையை அலசி, முந்தானையில் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். இரண்டாவது, கன்றுக்குப் பின்னால் விழும் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, ஏரிக்கரை ஆலமரத்தில் அவளேதான் தொங்கவிடுவாள். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் ஊறும். நாய் இழுத்துப் போனால் மடி வற்றிவிடும். ஊரில் யாரும் இதை மறுத்துப் பேசியதில்லை.

போன ஆடியில் பக்கத்து வீட்டுச் செல்வகுமாரியின் மாடு ஏழாம் மாசத்திலேயே கன்றை வீசிவிட்டது; கன்று செத்தே விழுந்தது. ஆனியில் சந்தையிலிருந்து ஓட்டி வந்த மாடு. இளங்கொடி விழாமல் தங்கிவிட்டதால் பவுனம்மாள்தான் கையை விட்டு எடுத்தாள். வழக்கம்போல ஆலமரத்தில் கட்டினாள். இருபது நாள் கழித்துக் கலியம்மாள் வீட்டு மாடு வீசியது. அப்புறம் தெருக்கோடியில் ஒன்று. ஏரிக்கரையில் மத்தியானம் ஆலமர நிழலில் படுக்கும் சிங்காரவேலுவின் ஆடுகளில் நான்கு, ஒரே வாரத்தில் குட்டிகளை வீசின.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கரும்புக்கு அடித்த மருந்து என்றார் சிங்காரவேலு. கண்ணேறு என்றாள் கலியம்மாள். வெயில் என்றார் டீக்கடைக்காரர், அந்த வாரம் மழை கொட்டிக்கொண்டிருந்தும். பவுனம்மாளுக்கு எதைப் பிடித்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒவ்வொன்றும் கொஞ்சம் சரியாகப் பட்டது, ஒன்றும் முழுதாகப் பொருந்தவில்லை. போதாக்குறைக்கு அவளுக்கே சாயங்காலமானால் காய்ச்சல். வியர்த்து ஊற்றும், இடுப்பும் முட்டியும் கழன்று விழுவது போல வலிக்கும். மாத்திரை போட்டால் ஓடிவிடும், பத்து நாளில் திரும்பி வந்து நிற்கும்.

புரட்டாசியில் கால்நடை டாக்டர் சுகன்யா வந்து மாடு, ஆடு எல்லாவற்றிலும் ரத்தம் எடுத்தார். "பிரசவமெல்லாம் யார் பாக்கறது?" என்று கேட்டார். கூட்டம் மொத்தமும் பவுனம்மாளைத் திரும்பிப் பார்த்தது. பாராட்டத்தான் கேட்கிறார் என்று நினைத்து அவள் இரண்டடி முன்னால் வந்து நின்றாள். டாக்டர் காய்ச்சல் உண்டா என்று விசாரித்து, அவளையும் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்கச் சொன்னார்.

சோதனை முடிவு வந்தது. மாட்டுக்கு வந்ததும் அவளுக்கு வந்ததும் ஒரே கிருமி. கன்று வீச்சு நோய் என்று பெயர். வீசிய கன்றிலும் பனிக்குடத் தண்ணியிலும் இளங்கொடியிலும் அது இருக்கும் என்றும், கையிலும் துணியிலும் தொட்டித் தண்ணியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போகும் என்றும், மரத்தில் கட்டியது சொட்டினால் கீழே மேயும் ஆட்டுக்கும் வரும் என்றும் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"டாக்டரம்மா, மாட்டால எனக்கு வந்துச்சா, என்னால மாட்டுக்குப் பூடுச்சா?"

"ரெண்டும் நடந்திருக்கலாம்மா."

"மொதல்ல எந்த மாடு?"

"அதை இனிமே சொல்ல முடியாது. நீங்க ஆஸ்பத்திரியில குடுக்கற மாத்திரையை ஆறு வாரம் வுடாம சாப்பிடுங்க. கையுறை போடுங்க. வேலை முடிஞ்சா சோப்பு போட்டுக் கழுவுங்க."

"சோப்பு போட்டா தாய் நக்காதும்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. "நல்லா அலசிட்டா நக்கும்மா" என்றார்.

பவுனம்மாள் வீட்டுக்கு வந்து கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தச் சந்தை மாடு வந்த ஆனிக்கு முன்னால் எத்தனை கன்றுகளை இந்தக் கை உயிரோடு வெளியே கொண்டுவந்தது! அப்போதெல்லாம் சோப்பு இல்லையே, ஒன்றும் ஆகவில்லையே. அப்படியானால் கை நல்லதா கெட்டதா? மூலக்குளத்தில் வாட்ச்மேன் வேலை பார்க்கும் புருஷன் வீரப்பன் போனில், "நீ தெரிஞ்சா செஞ்ச, வுடு" என்றான். தெரியாமல் செய்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தெருவில் யாரும் அவளைத் திட்டவில்லை. அதற்கப்புறம் கூப்பிடவும் இல்லை. திட்டியிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பாள்.

அவளுடைய செவலை மாட்டுக்கு மட்டும் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்திருந்தது. அப்போது அது ஆறு மாசச் சினை. மாத்திரைக் கெடு முடிந்து, தை பிறந்த நாலாம் நாள் காலையில் அதற்கு வலி கண்டது. டாக்டருக்குப் போன் போட்டாள், வர ஒரு மணி நேரமாகும் என்றார். ஒரு கால்தான் வெளியே தெரிந்தது. இன்னொன்று உள்ளே மடங்கியிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஓடிப்போய்ச் செல்வகுமாரியைக் கூட்டிவந்து, டாக்டர் கொடுத்த கையுறையை நீட்டினாள்.

"இன்னாக்கா, எனக்கு இன்னா தெரியும்? உனுக்குத்தான் குணமாயிடுச்சே, நீயே கைய வுடு."

"வோணாம். நீ செய். நான் சொல்றேன்."

கிருமி போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை கையும் கழுவியிருந்தாள். இருந்தும் இரண்டு கைகளையும் அக்குளில் அடக்கிக்கொண்டு வாயால் மட்டும் வழி சொன்னாள். உள்ளே தள்ளு, குளம்பை உள்ளங்கையில் மூடு, இப்போ மெதுவா இழு. செல்வகுமாரி அழுதுகொண்டே செய்தாள். கிடாரிக் கன்று உயிரோடு விழுந்தது. செவலை திரும்பி அதை நக்க ஆரம்பித்தது. பவுனம்மாளுக்குச் செல்வகுமாரியின் மாடு வீசிய கன்று ஞாபகம் வந்தது. இளங்கொடியைச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கக் கொல்லையில் குழி முந்தாநாளே வெட்டித் தயாராக இருந்தது.

கன்று தள்ளாடி எழுந்தது. மடி எங்கே என்று தெரியாமல், எதிரில் நின்ற பவுனம்மாளின் முழங்காலில் வந்து முட்டியது. தடவிக்கொடுக்கக் கை தானாகக் கீழே இறங்கியது. பாதியில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசம் அடித்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் ஓரடி விலகி நின்றாள்.