மச்சான் என்றால் என்ன உறவு?

1. நிறுத்தச் சொன்ன காலை

மொழிபெயர்ப்பு வேலையில் என்னை நடுவில் நிறுத்தச் சொன்னது ஒரே ஒரு தடவைதான். ஒஸ்லோவில் ஓர் அலுவலகம், ஐந்தாம் மாடி. வெளியே பனி உருகிச் சேறாகிக் கிடந்த காலை. அதிகாரி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ உங்களை அண்ணன் எண்டு கூப்பிட்டவ. அந்தச் சொல்லு எனக்குத் தெரியும். நீங்கள் ரெண்டு பேரும் சொந்தக்காரரோ?"

அவர் கேட்டது நோர்வேஜிய மொழியில். என் வாயில் வருகிற யாழ்ப்பாணத் தமிழில் எழுதுகிறேன். அவர் இளம் பெண், கவனமானவர், கெட்டவர் இல்லை. இங்ரிட் என்று வைத்துக்கொள்வோம்.

எங்கள் வேலைக்கு இங்கே தோல்க் என்று பெயர். இருவருக்கு நடுவில் இருந்து ஒருவர் சொன்னதை மற்றவரின் மொழியில் சொல்ல வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. அவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும். கேட்டதை வெளியே கொண்டுபோகக்கூடாது. அதனால்தான் பெயர், ஊர், வேலை எல்லாம் மாற்றி எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் மேல், எதிரே இருப்பவர் தோல்க்குக்குச் சொந்தமாக இருக்கக்கூடாது. இங்ரிட் கேட்டது அதைத்தான். இத்தனை வருடத்தில் ஒருவரும் என் நேர்மையைச் சந்தேகித்ததில்லை. எனக்குக் காது இரண்டும் சுட்டது.

எதிரே இருந்தவர் சுகந்தி. மட்டக்களப்புப் பிள்ளை, அகதியாக வந்து திராமன் என்ற ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்பவர். முந்தின வருடம் ஊருக்குப் போய்க் குகன் என்பவரைக் கலியாணம் முடித்துவிட்டு வந்து, அவரை இங்கே அழைக்க விண்ணப்பித்திருந்தார். வயிற்றில் பிள்ளை. வேலைக்குப் போதுமான மொழி தெரியும், ஆனாலும் இந்த நேர்காணலில் ஒரு சொல்கூடப் பிசகக்கூடாது என்று தோல்க் கேட்டிருந்தார்.

பிசகியது சொல்தான். சொந்த மச்சான் மச்சாள் கட்டுவதை இந்த நாட்டுச் சட்டம் இப்போது ஏற்பதில்லை. கொழும்பில் குகனுடைய நேர்காணல் ஆங்கிலம் வழியாக நடந்திருக்கிறது. சுகந்தியை எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு மனுசன் வெள்ளையாக, "சின்னதில இருந்து தெரியும், அவ எனக்கு மச்சாள்" என்றிருக்கிறார். அது ஆங்கிலத்தில் கசின் ஆகி, நோர்வேஜிய மொழியில் குசினே ஆகி, அடைப்புக்குள் மச்சாள் என்ற சொல்லோடு இங்ரிட்டின் திரைக்கு வந்துவிட்டது. எங்கள் ஊரில் குசினி என்றால் சமையலறை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

இது எதுவும் சுகந்திக்குத் தெரியாது. கேள்விக்கு அவர் சொன்னது இது:

"மச்சான சின்ன வயசில இருந்தே தெரியும். மாமா ஊடு எங்கட வளவுக்குப் பின்னால. மறுகாத்தான் கலியாணம் பேசின."

மறுகா என்றால் பிறகு. நான் "கணவரை" என்றும் "மாமனார் வீடு" என்றும் மொழிபெயர்த்தேன். தன் புருசனைப் பற்றித்தானே கதைக்கிறார். சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் சரி என்று எனக்கு எப்படித் தெரியும்?

"மச்சான் எண்டு சொன்னது எனக்குக் கேட்டது," என்றார் இங்ரிட். "கொழும்பில மச்சாளைச் சொந்தம் எண்டு போட்டிருக்கு. நீங்கள் கணவர் எண்டுறீங்கள். எது சரி?"

அவருடைய முகம் மாறியதைக் கண்டு சுகந்தி பயந்துபோய் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணன், என்ன பிழ விட்டுட்டன்?"

அந்த அண்ணனைத்தான் இங்ரிட் பிடித்துக்கொண்டார். நான் விளக்கினேன். எங்கள் ஆட்களுக்குக் கடைக்காரரும் அண்ணன், பஸ் ஓட்டுகிறவரும் அண்ணன், முன்பின் தெரியாத ஆளும் அண்ணன். இந்தப் பெண்ணை நான் இன்றைக்குத்தான் காண்கிறேன்.

இங்ரிட் திரையை மறுபடி பார்த்தார். பிறகு, "அப்ப எந்தச் சொல்லு உண்மை, எந்தச் சொல்லு மரியாதை?" என்று கேட்டார். "நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

நியாயமான கேள்வி. இங்ரிட் தன் தலைவரிடம் கேட்டுவிட்டு வருவதாகவும், தோல்க்கை மாற்றினால் வேறு நாள்தான் கிடைக்கும் என்றும் சொல்லிவிட்டு எழுந்தார். வேறு நாள் என்றால் அது பிள்ளை பிறந்த பிறகுதான். சுகந்திக்கு அது என் உதவி இல்லாமலே விளங்கியது.

2. காப்பி மெசினுக்குப் பக்கத்தில்

நேர்காணல் நின்றால் தோல்க் அந்த ஆளோடு தனியே இருக்கக்கூடாது. வெளியே வந்தேன். இருக்க முடியவில்லை. நடைபாதையில் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்தேன். இதைத் தொடர முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா என்று யோசித்தேன். போனால் குற்றம் உண்மை என்று ஆகிவிடும். நின்றால் இன்னொரு தடவை மாட்டிக்கொள்வேன். விசர் பிடித்தவன் போல மறுபடி நடந்தேன்.

காப்பி மெசினுக்குப் பக்கத்தில் லின் இருந்தார். சீன மொழி தோல்க்; நாங்கள் கதைப்பது நோர்வேஜிய மொழியில். எங்களுடைய சிநேகிதம் முழுவதும் இப்படிக் காத்திருக்கிற இடங்களில் வளர்ந்தது. சீனாவில் பழைய சீன மொழி படித்துவிட்டு இங்கே வந்தவர்.

"உங்கட நடையைப் பாத்தே எனக்குத் தலை சுத்துது. இருங்கோ," என்றார்.

உள்ளே நடந்ததைச் சொல்ல முடியாது. ஒரு சொல்லைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"லின், உங்கட பாஷையில புருசன்ர தகப்பனை என்னெண்டு கூப்பிடுறது?"

"இப்பவோ, அந்தக் காலத்திலயோ?"

"ரெண்டும் வேறயோ?"

"வேற. அந்தக் காலத்தில மருமகள் மாமனாரை ஜியூ எண்டுவா. அம்மான்ர சகோதரனுக்கும் அதே சொல்லுத்தான். மாமியாரைக் கூ எண்டுவா. அப்பான்ர சகோதரிக்கும் அதுதான்."

மாமா, மாமி. நான் கையிலிருந்த காப்பியை மேசையில் வைத்தேன்.

"ஏன் அப்பிடி?"

"ஏனெண்டா அங்கதான் கட்டிக் குடுத்தவை," என்றார் லின். "பிள்ளையளை ரெண்டாப் பிரிப்பினம். அப்பான்ர சகோதரன்ர பிள்ளையள் தாங். ஒரே குடும்பப் பேர், அண்ணன் தங்கச்சி. கட்டவே ஏலாது. அப்பான்ர சகோதரியின்ர பிள்ளையளும் அம்மா பக்கத்துப் பிள்ளையளும் பியாவ். அவை வெளியாக்கள், கட்டலாம். கட்டினா உறவுக்கு மேல உறவு எண்டு சந்தோசப்படுவினம்."

சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகளை விட்டுவிட்டால் மற்றது எங்கள் முறைதான். இங்ரிட்டின் மொழியில் இவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்.

"அரசாங்கம் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சில அரசர் காலத்தில தடுத்துச் சட்டம் போட்டவை. சனம் கேக்கேல்லை. பிறகு அவையே விட்டிட்டினம். ஆனா ஒரே குடும்பப் பேர்க்காரர் கட்டினா அது பெரிய குற்றம். எவ்வளவு தூரத்தில பிறந்திருந்தாலும்."

லின் தன் கோப்பைக்குள் பார்த்தபடி சொன்னார்: "படிக்கிற காலத்தில எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருந்தது. வேற மாகாணம், ரயிலில ரெண்டு நாள் போகோணும். அவரும் லின். அப்பா, அவன் உனக்கு அண்ணன் எண்டிட்டார். அப்ப சட்டம் தடுக்கேல்லை. அப்பா தடுத்தார்."

"உண்மையில என்ன சொந்தம்?"

"ஒண்டுமில்லை. அந்தச் சொல்லு கட்டலாமோ கூடாதோ எண்டு மட்டும்தான் சொல்லும். ரத்தத்தைப் பற்றி அதுக்கு ஒண்டும் தெரியாது."

அவரைக் கூப்பிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மறுபடி நடக்கத் தொடங்கினேன். எனக்கு லின்னுக்காகவும் மனம் பொறுக்கவில்லை, உள்ளே இருந்த பிள்ளைக்காகவும் பொறுக்கவில்லை.

3. யார் யாரைப் பெற்றது

இங்ரிட் திரும்பி வந்தார். தொடரலாம், ஆனால் தோல்க்கிடம் விளக்கம் கேட்கப்பட்டது என்று பதிவில் இருக்கும். இன்னொரு முறை குழம்பினால் வேறு ஆள், வேறு நாள் என்றார். சரி என்றேன்.

தோல்க் தன் சொந்த வாயால் ஏதும் சொல்ல வேண்டுமானால் தன்னையே மூன்றாம் ஆளாகச் சொல்ல வேண்டும். முதலில் இங்ரிட்டிடம் சொல்லிவிட்டு, அதையே சுகந்திக்கும் தமிழில் சொன்னேன்.

"தோல்க் ஒரு விளக்கம் சொல்ல விரும்புறார். இந்தச் சொல்லுகள் ரத்தத்தைக் காட்டாது. இவவின்ர வாயில எது என்ன அர்த்தம் எண்டு தோல்க்குக்கும் தெரியாது. உறவுச் சொல்லு ஒண்டும் பாவிக்காமல், ஆர் ஆரைப் பெத்தது எண்டு கேட்டால் நல்லது."

இங்ரிட் யோசித்தார். பிறகு நான் நினைத்ததைவிட நன்றாகக் கேட்டார்.

"உங்களைப் பெத்தவவின்ர பேர் என்ன? அவவைப் பெத்தவைக்கு வேற பிள்ளையள் இருக்கினமோ?"

அம்மாவோடு பிறந்த பெண்கள் இல்லை, ஆண் ஒருவர். அப்பாவோடு பிறந்தவர்கள் இரண்டு ஆண்கள், பெண் இல்லை. அந்த இருவரின் பிள்ளைகள் யார் யார் என்று கேட்டார். குகன் அதில் இல்லை. குகனைப் பெற்ற தாய் வேறு ஊர்க்காரர்.

மிச்சம் இருந்தது அம்மாவோடு பிறந்த அந்த ஒரு ஆண். அவர்தான் குகனின் தகப்பன் என்றால் எல்லாம் முடிந்தது.

"அந்த ஆண் இப்ப எங்க இருக்கிறார்?"

சுகந்தி மேசையைப் பார்த்தார். "தெரியா. கூலி வேலைக்கு எண்டு போனவரு, திரும்பி வரல்ல. நான் அப்ப பொறக்கவும் இல்ல. அவரு கலியாணம் கட்டவும் இல்ல."

"அப்ப மாமா எண்டு சொன்னது ஆரை?"

"மச்சாண்ட வாப்..." என்று ஏதோ சொல்ல வந்தவர், அக்கம்பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கேட்டுப் பழகிய சொல்லை விழுங்கிவிட்டு, "குகண்ட அப்பாவ," என்றார். "எனக்குக் காது குத்தயிக்க மடியில வெச்சிருக்க மாமா வேணும். அம்மா அழுதுகொண்டு இரிந்தாவாம். வேற ஊரால வந்து பின் வளவில குடியிரிந்த அவரு வந்து, நான் இரிக்கன் தங்கச்சி, புள்ளைய எண்ட மடியில வைங்க எண்டு சொன்னவராம். அந்த நாளில இரிந்து அவருதான் மாமா. அவருட மகன் மச்சான். வேற என்ன சொல்லிக் கூப்பிடுற?"

நான் அதை நோர்வேஜிய மொழியில் சொன்னேன். காது குத்துவதையும் மடியையும் விளக்கச் சொல்லி இங்ரிட் கேட்டார். சுகந்தி விளக்கினார்.

"சின்னதில இருந்து மச்சான் எண்டு கூப்பிட்ட ஒருத்தரைக் கட்டுறது உங்களுக்கு ஒருமாதிரி இல்லையோ?" இது இங்ரிட் அதிகாரியாகக் கேட்ட கேள்வி இல்லை என்று நினைக்கிறேன்.

"அண்ணன் எண்டு கூப்பிட்டிரிந்தாத்தான் கட்ட ஏலா," என்றார் சுகந்தி. "எங்கட பக்கம் தாய்ட குடிதான் புள்ளைக்கு. ஒரே குடி எண்டா கூடப் பொறந்த மாதிரி. நாங்க வேற வேற குடி. அதான் மச்சான்."

யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு இந்தத் தாய்வழிக் குடி விவகாரம் அதுவரை சரியாகத் தெரியாது. தமிழ் எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் இருந்தவன் நான்.

இங்ரிட் நிறைய நேரம் தட்டச்சு செய்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, "உறவு பற்றி எனக்கு இனிக் கேள்வி இல்லை," என்றார். நான் அதைத் தமிழில் சொன்னபோது சுகந்தி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

4. வாசித்துக் காட்டியது

நேர்காணல் முடிந்ததும் எழுதியதை முழுவதும் தோல்க் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். சம்பந்தப்பட்டவர் சரி என்றால்தான் ஒப்பம். பொதுவாக இந்த நேரத்தில் எல்லோரும் களைத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

நான் வாசித்தேன்: "விண்ணப்பதாரியின் தாயுடன் பிறந்த சகோதரர் ஒருவர் இருந்தார். அவர் காணாமல் போய்விட்டார். கணவரின் தந்தை விண்ணப்பதாரிக்கு எந்த வகையிலும் உறவினர் அல்லர்."

"அது பிழ," என்றார் சுகந்தி.

எனக்குப் பக்கென்றது. அவரைக் காப்பாற்றுகிற வசனமே அதுதான். வாயை மூடு பிள்ளை என்று தொண்டைவரை வந்தது. தோல்க் அப்படிச் சொல்ல முடியாது.

"எது பிழை?" என்று இங்ரிட் கேட்டார்.

"உறவில்லை எண்டு போடாதீங்க. அவரு இதக் கேட்டா என்ன நினைப்பாரு? அவரு எண்ட மாமா."

அவர் சொன்னதை நான் சொல்ல வேண்டும், அவர் சொன்னபடியே. "அவர் என் மாமா," என்றேன், என் வாயால். மாமா என்ற இடத்தில் போடச் சொல் கிடைக்காமல் தமிழ்ச் சொல்லையே வைத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது இந்தத் தொழிலில் நல்லதில்லை.

"இதை மாத்தினா திரும்பவும் ஆரும் சந்தேகப்படலாம். அது அவவுக்கு விளங்குதோ?" என்று இங்ரிட் கேட்டார்.

"விளங்குது," என்றார் சுகந்தி, நான் மொழிபெயர்க்க முதலே, நோர்வேஜிய மொழியில்.

இங்ரிட் அந்த வரியை அழித்தார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் வந்தது இது: "இரத்த உறவு இல்லை. குழந்தைப் பருவத்திலிருந்து அவரே விண்ணப்பதாரியின் மாமா."

"மாமா எண்டு எழுதினா எங்கட ஆக்கள் மம்மா, அதாவது அம்மா எண்டு வாசிப்பினம்," என்று இங்ரிட் என்னிடம் சொன்னார். "பரவாயில்லை. கீழ ஒரு விளக்கம் போடுறன்."

மறுபடி வாசித்துக் காட்டினேன். சுகந்தி ஓம் என்று ஒப்பம் வைத்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனார். முடிவு என்ன ஆனது என்று தோல்க்குக்கு யாரும் சொல்வதில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உறவுச் சொல் வந்தால் அவசரத்தில் பக்கத்தில் கிடக்கிற சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். கையைத் தூக்குங்கள், தெரியாது என்று சொல்லுங்கள், சொன்னவரிடமே கேட்கச் சொல்லுங்கள். சந்தேகப்படுவார்கள், படட்டும். எந்த ஒரு வரியால் தன் புருசன் வந்து சேருவானோ அந்த வரியையே பிழை என்று ஒருத்தி திருத்தச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் பேசாமல் ஒப்பம் வைத்துவிட்டு வந்திருப்பேன்.